தோட்டத்துப் பாடலும் பெருவாத்தியக் குழுவும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கிலே பல்வகை வாத்தியங்கள் இயைந்தொலித்த முறையை ஒழுங்குபட எடுத்துரைக்கின்றது. குழல் முன்செல்ல யாழ் அதனைத் தொடர்ந்தது. யாழைத் தண்ணுமை தொடர, தண்ணுமையை முழவு தொடர்ந்தது. கருவிகள் பலவாயினும் எதுவும் தன் போக்கில் முந்தவில்லை. ஒன்று நடத்த மற்றவை அதன்வழி நின்றன. பல்லியம் என்பதற்குத் தமிழர் கண்ட இலக்கணம் இதுவே எனலாம்.

அக்காப்பியத்திலேயே மற்றோர் உண்மையும் புலனாகின்றது. கடற்கரை மக்களின் கானல்வரி, பாலை நிலத்து வேட்டுவவரி, ஆயர் மகளிரின் குரவை, மலைவாழ் மக்களின் குன்றக்குரவை முதலிய பாட்டு வகைகளை இளங்கோவடிகள் தம் பெருங்காப்பியத்துள் அமைத்துக்கொண்டார். பின்வந்த மாணிக்கவாசகரும் மகளிர் சுண்ணம் இடிக்கும்போதும், பூக்கொய்யும்போதும், ஊசலாடும்போதும், அம்மானை ஆடும்போதும் பாடிய பாட்டு முறைகளைத் திருவாசகத்துள் ஏற்றருளினார். எனவே நாட்டார் பாட்டுப் பேரமைப்பொன்றனுள் புகுதல் தமிழுக்குப் புதிதன்று. அவ்வாறு புகும்போது அப்பாட்டு எதனைப் பெறுகின்றது, எதனை இழக்கின்றது என்பதே ஆராய்தற்குரியது.

இவ்வினா அண்மைக் காலத்தில் இலங்கையின் மத்திய மலைநாட்டோடு தொடர்புடைய ஒரு பாடலால் மீண்டும் எழுந்தது. 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னையிலிருந்து வெளிவந்து உலகின் பல பாகங்களிலும் கேட்கப்பட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’ என்பதே அப்பாடல். அதனை மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நாட்டுப்புறப் பாடகர் பெரிய ஆடல் வாத்தியக் குழுவினுட் புகுந்த வரலாறு அமெரிக்க நாட்டிலே தெளிவாகப் பதிவு பெற்றுள்ளமையால், அவ்வரலாற்றை முதலில் நோக்குதல் பயனுடைத்து.

டெக்சாஸ் மாநிலத்தில் 1905 இல் பிறந்தவர் பொப் வில்ஸ். தந்தையார் பிடில் வாசிப்பவர். இளமையிலே பருத்தி வயலில் வேலை செய்த வில்ஸ், உடன் உழைத்த கறுப்பினத் தொழிலாளரின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தார். தந்தை வழி வந்த பிடில் இசையும், வயலில் கேட்ட சோகப் பாட்டும், நகர மண்டபங்களில் அக்காலத்து ஒலித்த ஜாஸ் ஆடலிசையும் அவரிடத்து ஒன்றாயின. 1930 களின் நடுப்பகுதியில் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் நிலைகொண்ட அவர், ‘டெக்சாஸ் பிளேபோய்ஸ்’ என்னும் தம் குழுவிலே பிடில், கிட்டார் ஆகியவற்றோடு முரசையும், சாக்சபோன், டிரம்பெட் முதலிய ஊதுகருவிகளையும் சேர்த்தார். நாட்டுப்புறப் பாடலும் பெருவாத்தியக் குழுவும் கலந்த இவ்விசை பிற்காலத்தில் ‘வெஸ்டர்ன் சுவிங்’ எனப் பெயர் பெற்றது. 1938 இல் பிடிலை முதன்மையாகக் கொண்டு வாய்ப்பாட்டின்றி ஒலித்த ‘சான் அன்டோனியோ ரோஸ்’ என்னும் இசை, 1940 இல் சொற்களும் ஊதுகருவிகளும் பெற்று மறுபிறவி எடுத்தமை இம்மாற்றத்துக்குச் சிறந்த சான்றாகும்.

வில்ஸ் செய்தவற்றுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கன. முதலாவது முரசு பற்றியது. நாட்டுப்புற இசைக்குத் தலைமைப் பீடமாய் விளங்கிய நாஷ்வில் நகரத்துக் ‘கிராண்ட் ஓல் ஒப்ரி’ அரங்கிலே முரசுக்கு இடமளிக்கப்படாதிருந்த காலம் அது. 1944 ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்ற வில்ஸ், முரசின்றித் தம் இசை இல்லை என நின்று முரசுடனேயே வாசித்தார். இரண்டாவது, பாட்டின் நடுவே அவர் எழுப்பும் கூவல். ஒரு வாத்தியக்காரர் தனித்து வாசிக்கத் தொடங்கும்போது, வில்ஸ் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார். இசைத்தட்டிலேயே அக்குரல் பதிவாகியுள்ளது. பதினெண்மர் வரை கூடி வாசித்த குழுவிலும் ஒருவரும் பெயரற்றவராகக் கரைந்துபோகாமைக்கு அவ்வழைப்புக் காவலாயிற்று. ஆயினும் இந்நேர்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. பருத்தி வயலில் வில்ஸின் செவியை வளர்த்த கறுப்பினத் தொழிலாளரின் பெயர்களை எந்த இசைத்தட்டும் தாங்கவில்லை.

வில்ஸுக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து அவ்விசைக்குள் துணிந்து புகுந்தவர் மேர்ல் ஹகார்ட். அவர் 1937 இல் கலிபோர்னியாவிலே பிறந்தவர். ஒக்லஹோமாவிலிருந்து பிழைப்பு நாடிக் குடிபெயர்ந்த பெற்றோர், பழைய புகைவண்டிப் பெட்டியொன்றை வீடாக மாற்றி அதில் வாழ்ந்தனர். உழைப்பாளி, சிறையாளி, ஊர் விட்டு ஊர் சென்றோர் ஆகியோரின் வாழ்வை எளிய சொல்லில் பாடிப் புகழ் பெற்ற ஹகார்ட், 1970 இல் தமது வழக்கமான முறையை விடுத்து வில்ஸின் பாடல்களை மட்டும் கொண்ட இசைத்தட்டொன்றை வெளியிட்டார். இதற்கென அவர் பிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டார். வில்ஸின் பழைய குழுவில் வாசித்தோரைத் தேடி அழைத்துத் தம் குழுவினரோடு அமர்த்தினார். இசைத்தட்டின் தலைப்பிலேயே அது வில்ஸுக்குத் தாம் செலுத்தும் வணக்கம் என்பதைப் பொறித்தார். 1973 டிசம்பரில் நோயுற்ற வில்ஸைச் சூழ்ந்து அவருடைய பழைய குழுவினர் இறுதி முறையாகக் கூடிப் பதிவு செய்தபோதும் ஹகார்ட் உடனிருந்தார். 1975 இல் வில்ஸ் மறைந்தார்.

ஹகார்ட்டின் முயற்சி வெற்றி பெற்றதற்குக் காரணங்கள் இரண்டு. வாத்தியக் குழு எத்துணைப் பெரிதாயினும் அவர் குரல் தன் இயல்பான பேச்சு நடையை விடவில்லை. தாளம் ஒழுங்காகச் செல்ல, குரல் சற்றுத் தாழ்ந்து வந்து தன் மூச்சுக்கேற்பச் சேர்ந்துகொள்ளும். குழு அதற்கு இடங்கொடுத்தது. அடுத்து, தாம் எவரிடமிருந்து பெற்றார் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆகவே குரலின் மூச்சுக்கு இடந்தருதல், மூலத்துக்குரியவரைப் பெயர் சொல்லி வழங்குதல் என்னும் இரண்டும் நாட்டுப் பாட்டுப் பெருவாத்தியக் குழுவினுட் புகும்போது காக்கப்படவேண்டியவை எனக் கொள்ளலாம். முன்னது இசை பற்றியது. பின்னது அறம் பற்றியது. இவ்விரண்டையும் கொண்டு தோட்டத்துப் பாடலின் பயணத்தை நோக்குதல் வேண்டும்.

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய பகுதிகளில் வாழும் மலையகத் தமிழரின் முன்னோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கித் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தோராவர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தோருள் மாண்டவர் மிகப் பலர். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் பரவிய நோயினால் கோப்பி அழிய, மலைகள் தேயிலையால் மூடப்பெற்றன. பயிர் மாறிற்று, லயமும் கங்காணியும் பெரட்டும் மாறவில்லை. அவ்வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைப்பயணம் மேற்கொண்டமை, முன்னோர் நடந்த வழியை மறவாமைக்குச் சான்றாயிற்று.

இம்மக்கள் கொணர்ந்த செல்வம் பாட்டே. தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி என்பன ஊரில் பாடியவாறே வந்து, மலையில் புதுப்பொருள் பெற்றன. கண்டிச் சீமையும் கோப்பித் தோட்டமும், கங்காணியின் கடுஞ்சொல்லும் துரையின் அதிகாரமும், கொழுந்துக் கூடையின் பாரமும் அட்டைக் கடியும் பாடுபொருளாயின. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947 இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), தோட்டந்தோறும் சென்று இப்பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பாக்கித் தந்தமையால் அவற்றுட் பல அழியாது நின்றன. மாசி மாதத்துக் காமன் கூத்திலே ரதியும் மதனும் ஆட, ஊர் முழுதும் சூழ்ந்து நிற்கும். அங்கே ஆட்டத்தை நடத்துவது தப்பு. விடியற்பொழுதில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. பிணத்தை மயானத்துக்கு வழியனுப்பியதும் தப்பே. இவ்வாறு வாழ்வு முழுவதையும் அளந்த அக்கருவி, சாதி இழிவின் சின்னமாக எண்ணப்பட்டு, மதிப்புடைய அரங்குகளில் நெடுங்காலம் ஏற்றம் பெறாதிருந்தது. நாஷ்வில் அரங்கில் முரசுக்கு நேர்ந்ததும் விலக்கே. ஆனால் தப்பினை விலக்கியது இசைக் கொள்கையன்று, பிறப்பு வேற்றுமை என்பது இங்குள்ள வேறுபாடு.

இனி, ஒப்பாரிக்கு மலையகத்திலே தனிச் சிறப்பொன்று உண்டு. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974 இல் எட்டப்பட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகக் கோச்சி நிலையங்களிலே விடைபெற்றபோது, இறந்தோரை நினைந்து பாடும் ஒப்பாரி உயிரோடிருப்போரை நினைந்தும் எழுந்தது. தலைமன்னார் வழியாகக் கப்பலேறிச் சென்றோர் நீலகிரி மலைத் தோட்டங்களிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் குடியேறினர். அவரோடு தோட்டத்து நினைவும் பாட்டும் மீண்டும் கடல் கடந்தன.

இவ்வாறு கடல் கடந்த நினைவொன்றின் வழிவந்ததே ‘என்ஜாய் எஞ்சாமி’. அதன் பாடகருள் ஒருவரான அறிவு, தமிழகத்து அரக்கோணத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர்த் தாயகம் திரும்பியவர் என்பதையும், நிலமற்ற அம்முன்னோரின் கதையே பாடலின் அடிப்படை என்பதையும் அறிவு வெளிப்படையாகக் கூறியுள்ளார். உடன் பாடிய தீ, ஈழத்தமிழ்க் குடும்பத்திலே தோன்றி ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இசையமைத்து உருவாக்கியவர் திரைப்பட இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது ‘மாஜா’ என்னும் இசை நிறுவனம். ஒப்பாரியும், சொல்லை விரைந்தடுக்கும் ராப் முறையும், மின்கருவிகள் எழுப்பும் ஆடல் தாளமும் இதில் ஒன்றுகூடின. வில்ஸின் காலத்தில் பதினெண்மர் செய்த வேலையை இக்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடமும் கணிப்பொறியும் செய்யுமாதலின், இதனையும் பெருவாத்தியக் குழு என்றே கொள்ளலாம்.

பாடலின் பெயரே முதற்கண் ஆராய்தற்குரியது. ‘மகிழ்க’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு ‘என் சாமி’ என்னும் தமிழ் விளி இணைந்துள்ளது. கூலியாள் நிலவுடைமையாளனையும் துரையையும் குனிந்து அழைத்ததும் ‘சாமி’ என்றே. பாட்டி பேரனை மடியிலிருத்திக் கொஞ்சியதும் ‘என் சாமி’ என்றே. அடிமைத்தனத்தின் சொல்லும் அன்பின் சொல்லும் ஒன்றாயிருத்தல் தோட்டத்து வாழ்வின் பெருஞ்சோகம். பகல் முழுதும் மலையிலே பிறருக்கு வழங்கிய அச்சொல்லை, இரவில் லயத்துக்குத் திரும்பித் தன் குழந்தைக்கு வழங்கி, அதனைத் தாய் மீட்டுக்கொள்கிறாள். பாடல் அச்சொல்லைக் கொண்டாட்டத்தின் விளியாக்கியதன் மூலம் அம்மீட்பை உலகறியச் செய்துள்ளது. இஃது இப்பாடலின் தலையாய வெற்றி.

அடுத்து, ‘தோட்டம்’ என்னும் சொல். தாம் வளர்த்த தோட்டம் செழித்தபோதும் வளர்த்தவரின் தாகம் தீரவில்லை என்னும் கருத்து இப்பாடலில் வருகின்றது. பிற நாட்டுத் தமிழர்க்குத் தோட்டம் என்பது வீட்டின் புறத்தேயுள்ள பூந்தோட்டமாகவோ பழத்தோட்டமாகவோ தோன்றும். ஹட்டனிலே கேட்போருக்கு அச்சொல் பெருந்தேயிலைத் தோட்டத்தையும், அதனோடு லயத்தையும் பெரட்டையும் துரையின் பங்களாவையும் ஒருங்கே காட்டும். பாடல் தேயிலையை வெளிப்படக் கூறாவிடினும், மலையகச் செவிக்கு அவ்வொரு சொல்லே போதுமானது. மேலும், நீர்நிலை மனிதருக்கே உரியதன்று, நாய் நரி முதலிய உயிர்களுக்கும் உரியது எனப் பாடல் வற்புறுத்துகின்றது. பல்வகை மரமும் உயிரும் நிறைந்த காடு வெட்டப்பட்டு ஒரே செடியால் மூடப்பெற்ற மலைகளில் வாழ்ந்தவரின் பேரன் இதனைப் பாடுதல் தற்செயலன்று. நிலத்தை உடைமையாகக் கொள்ளாதவரே நிலத்தை எல்லா உயிர்க்கும் பொதுவாகக் காண வல்லவர் என்னும் உண்மை இதன்கண் பொதிந்துள்ளது.

இவ்வளவும் சொல்லின் சிறப்பு. இசையை நோக்கின், முற்கூறிய முதலாம் அளவுகோலால் சிறிது குறை காணப்படும். ஒப்பாரி பாடுவோர் தம் மூச்சையே தாளமாகக் கொள்வர். ஒத்த அமைப்புடைய இரண்டிரண்டு அடிகளாக இழந்த செல்வத்தையும் சிறப்பையும் அடுக்கி, அடியின் முடிவிலே குரலை இழுத்து அழுவர். அவ்விழுவை ஒருமுறை நீளும், ஒருமுறை குறுகும்; துக்கத்தின் அளவே அதன் அளவு. இப்பாடலிலே ஆடல் தாளம் ஒரே சீராகச் செல்கின்றது. ஒப்பாரியின் சொல்லமைதியும் அழுகைக் குரலும் வந்து சேருமிடத்தும் அத்தாளம் காத்து நிற்கவில்லை. ஆகவே அழுகை எண்ணி அளக்கப்பட்ட அழுகையாகின்றது. கேட்போர் கால்கள் ஆடத் தொடங்கிவிடுகின்றன. எதற்காக அழுகின்றனர் என்று வினவ நேரமில்லை.

சோகப் பாட்டுக்கு ஆடல் தாளம் பொருந்தாது என்று இதற்கு முடிவு கூறிவிடலாகாது. தோட்டத்துச் சாவீட்டை அறிந்தோர்க்கு அம்முடிவு பிழையெனத் தோன்றும். வாசலிலே தப்பு ஆட்டத்துக்குரிய கதியில் அதிர்ந்துகொண்டிருக்கும். இளைஞர் அதற்கேற்ப ஆடுவர். உள்ளே மகளிர் தோளோடு தோள் சேர்ந்து ஒப்பாரி கூறுவர். வாசலின் தாளம் உள்ளே பாடும் குரலைக் கட்டுப்படுத்துவதில்லை; குரலும் தாளத்தை நிறுத்தச் சொல்வதில்லை. இரண்டும் ஒருங்கே ஒலிக்கும். எனினும் ஒவ்வொன்றும் தன் நேரத்தைத் தானே கொண்டிருக்கும். பெருவாத்தியக் குழுவும் தனிக்குரலும் இயையும் முறையை மலையக மக்கள் எவரிடமும் கற்காமலே அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஹகார்ட்டின் குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னே வந்து சேர்ந்ததற்கும், சாவீட்டு மூதாட்டியின் குரல் தப்போசையின் மேலே கட்டற்று மிதந்ததற்கும் அடிப்படை ஒன்றே. எனவே இப்பாடலின் குறை தாளத்தைச் சேர்த்தமையன்று. குரலைத் தாளத்தோடு இறுகப் பிணைத்தமையே. சொல்லின் கடையசையை அறிவு அழுகைக் குரலால் இழுக்கும் சில இடங்களில் அப்பிணைப்புச் சற்றே தளர்கின்றது. அவ்விடங்களிலேதான் பாட்டியார் பேரனின் தொண்டையில் வந்தமர்கின்றார். அத்தளர்ச்சி இன்னும் நீண்டிருப்பின் பாடல் இன்னும் உயர்ந்திருக்கும்.

இக்குறையால் பாடலின் பயன் அழிந்துவிடவில்லை. தொகுப்பு நூலில் அச்சேறிய ஒப்பாரி ஆராய்ச்சியாளரின் மேசையை அடைந்தது. இப்பாடலோ தமிழறியாதாரின் செவியையும் அடைந்தது. மலையகம் என்னும் பெயரையே கேட்டறியாத இளைஞர், ஒரு மூதாட்டி எக்கடலைக் கடந்து எம்மலைக்குச் சென்றாள் என வினவத் தொடங்கினர். வினவுவோர் சிலரேயாயினும் அது சிறு பயனன்று.

இனி, இரண்டாம் அளவுகோல். 2021 ஆகஸ்ட் மாதத்தில் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு இப்பாடலைப் போற்றி வெளியிட்ட முகப்பிலே தீயும் வேறொரு கலைஞரும் இடம்பெற்றனர்; அறிவு இடம்பெறவில்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் இதனைக் கண்டித்தனர். பின்னர் அச்சஞ்சிகை அறிவின் படத்தோடு வேறொரு முகப்பை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில், தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலைப் பாடினர். அங்கும் அறிவு இல்லை. பாடலை ஆக்கி, எழுதி, பாடியவர் தாமே என அறிவு அறிக்கை விடுத்தார். பாடல் கூட்டு முயற்சி என்றும், உரிமையும் வருவாயும் மூவர்க்கும் சமமாகப் பங்கிடப்பட்டன என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார். அறிவு விலக்கப்படவேண்டும் எனத் தாம் ஒருபோதும் கருதியதில்லை எனத் தீயும் தெளிவுபடுத்தினார்.

இவருள் எவர் கூற்று எவ்வளவிற்குச் சரியானது எனத் தீர்ப்பளித்தல் திறனாய்வின் வேலையன்று. கூட்டாக ஆக்கிய பாடலில் எவ்வடி எவருடையது என வரம்பு கட்டுதலும் எளிதன்று. ஆயின் இவ்விவாதத்திலே அடிக்கடி கேட்கப்பட்ட ஒரு வாதம் ஆராயத்தக்கது. ஒப்பாரி முதலிய நாட்டார் பாடல்கள் ஆசிரியர் இல்லாதவை, மக்கட் பொதுவுடைமை, ஆதலின் எவரும் உரிமை கொண்டாட இயலாது என்பதே அவ்வாதம். மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இது நேரியதாகத் தோன்றும். ஆனால் நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்பது உண்மையன்று. ஆசிரியரின் பெயரை எழுதி வைப்பார் இல்லை என்பதே உண்மை. ஒவ்வோர் ஒப்பாரியும் ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த சாவீட்டில், ஒரு குறித்த பெண்ணின் வாயினின்று பிறந்தது. பிறர் அதனைக் கேட்டார், நினைவிற் கொண்டார், தம் துயருக்கேற்ப மாற்றினார். ஆசிரியர் பலராயினர் என்பதனால் ஆசிரியரே இல்லை என்றாகிவிடாது.

மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை இன்னும் கூர்மையுடையது. தோட்டத்துச் செக்றோலிலே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் எழுதப்பட்டது. எத்தனை நாள் வேலைக்கு வந்தாள், எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தாள் என்பவையும் கணக்கிடப்பட்டன. அதே பெண் பாடிய பாட்டுக்குப் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை. அவள் உழைப்பை விற்றவருக்கு அவள் பெயர் வேண்டியிருந்தது. அவள் பாட்டை வியந்தவருக்கு வேண்டியிருக்கவில்லை. இந்நிலையில் அவளுடைய வழித்தோன்றல் ஒருவன், ‘இது என் பாட்டியின் பாட்டு’ என்று உலகின் முன் கூறுதல், தனிமனிதன் ஒருவனின் புகழ் வேட்கை எனக் கழித்துவிடத் தக்கதன்று. இரு நூற்றாண்டுகளாக எழுதப்படாத பட்டியலின் முதற் பெயரை எழுதும் முயற்சியாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

வில்ஸ் குழுவினரைப் பெயர் சொல்லி அழைத்தமையும், ஹகார்ட் தம் முன்னோரின் பெயரைத் தலைப்பிற் பொறித்தமையும் இசைக்குப் புறம்பான மரியாதைகள் எனத் தோன்றலாம். அவை இசையின் பகுதிகளேயாம். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் தம் முழுத்திறனும் தோன்ற வாசிப்பர். மூலத்தை அறிந்தவர் அதனைச் சிதையாமற் காப்பர். பெயரை மறந்த குழு, குரலின் மூச்சையும் விரைவில் மறக்கும். ஆகவே மேற்கூறிய இரு அளவுகோல்களும் வேறுவேறானவையல்ல. ஒன்றை இழந்தார் மற்றதையும் இழப்பர்.

மலையகப் பாடல்கள் இனியும் பெரிய அரங்குகளுக்குச் செல்லும். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தோன்றும் இளைய இசைக்குழுக்கள் கிட்டாரையும் மின்கருவிகளையும் ஏந்தித் தெம்மாங்கையும் ஒப்பாரியையும் பாடின் அதனைத் தடுப்பது பேதைமை. லயத்துக்குள் அடைபட்டு அழியும் பாட்டினும் அரங்கேறி மாறும் பாட்டு மேலானது. ஆனால் அரங்கேறுமுன் செய்யவேண்டியன சில உள. பாடத் தெரிந்த முதியோரை நாடி, அவர் பாடுவதைத் தாளக்கருவியின்றி முதலிற் பதிவு செய்தல் வேண்டும். அப்போதுதான் அவர்தம் மூச்சின் நீளம் தெரியவரும். பதிவோடு பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும், அவர் விரும்பின், சேர்த்தெழுதப்படல் வேண்டும். தப்பினை அழகுக்காக ஒரு மூலையில் வையாது, ஆட்டத்தை நடத்தும் கருவியாகவே அரங்கில் அமர்த்தல் வேண்டும். வேலுப்பிள்ளை சொற்களைத் திரட்டி ஒரு தலைமுறையின் கடனைத் தீர்த்தார். குரலையும் பெயரையும் திரட்டுதல் அடுத்த தலைமுறையின் கடன்.

அரங்கேற்று காதையில் யாழும் தண்ணுமையும் முழவும் குழலின் வழி நின்றன. மலையகத்துப் பேரரங்கிலே குழலின் இடத்தில் நிற்கவேண்டியது சாவீட்டு மூதாட்டியின் தளர்ந்த குரலேயாகும். எத்துணைப் பெரிய குழுவாயினும் அக்குரல் மூச்சு வாங்கும் பொழுதில் தானும் சற்றே காத்து நிற்குமாயின், பாட்டுத் தன் மலையை விட்டு எத்தொலைவு சென்றாலும் ஊரிழந்ததாகாது.